சப்பாத்தி வரட்டியானால், குருமா திரிந்தால்: எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குத் தம்பி வீடியோ காலில் வந்தான். புனேயில் வேலை, தனியாகத் தங்கியிருக்கிறான். "அக்கா, இதைப் பாரு" என்று ஒரு சப்பாத்தியை எடுத்து மேடையில் தட்டினான். டக் டக் என்று சத்தம் வந்தது. "வரட்டி மாதிரி இருக்குக்கா." பக்கத்துச் சட்டியில் குருமா. மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது, அடியில் தேங்காய் திப்பி திப்பியாகக் கிடந்தது.

"சரி, முதல்லேருந்து சொல்லு. தண்ணி எவ்வளவு ஊத்தினே?"

"அரை கப். ஒட்டாம வரணும்னு குறைச்சலாத்தான் ஊத்தினேன்."

"ஊற வெச்சியா?"

"இல்லக்கா, பசி. உடனே தேய்ச்சிட்டேன். கருகக் கூடாதுன்னு தீயையும் குறைச்சே வெச்சேன்."

மூன்று பதிலும் சேர்ந்து அந்த டக் டக் சத்தத்தைச் செய்திருந்தன. சப்பாத்தி கெட்டதை நாம் பார்ப்பது கல்லில். அது கெடத் தொடங்குவது பெரும்பாலும் பிசையும் தாம்பாளத்தில். குருமாவும் அப்படித்தான்: தட்டில் தெரியும் குறை வெங்காயம் வதங்கும்போதோ மிக்ஸி ஓடும்போதோ வந்துவிட்டிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு குறைக்கும் எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும், இன்று ராத்திரிச் சாப்பாட்டை எப்படிக் காப்பாற்றலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு அளவு. இதை வைத்துத்தான் மற்றதெல்லாம் பேச முடியும். முழுக் கோதுமை மாவு 2 கப் (சுமார் 250 கிராம்), உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன், தண்ணீர் முக்கால் கப் (180 மில்லி). மாவுக்கு மாவு தண்ணீர் இரண்டு மூன்று ஸ்பூன் கூடும், குறையும். எலுமிச்சை அளவு உருண்டை பிடித்தால் 9 அல்லது 10 சப்பாத்தி வரும்.

சப்பாத்தி சுட்டவுடனேயே விறைப்பாக இருக்கிறது

தண்ணீர் போதவில்லை. பத்தில் எட்டு வீட்டில் இதுதான் காரணம் என்பேன். முழுக் கோதுமை மாவில் தவிடு இருக்கிறது. தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசையும்போது சரியாகத் தோன்றும் மாவு, அரை மணி நேரத்தில் தவிடு தன் பங்கைக் குடித்து முடித்ததும் இறுகிப்போகும். அதனால் பிசைந்து முடிக்கும்போது மாவு கொஞ்சம் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். எண்ணெய் தொட்ட கையால் மேலே தடவி, மூடி, 20 முதல் 30 நிமிஷம் விடுங்கள்.

ஊறிய பின் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல மாவில் குழி விழும், பிறகு தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதுபோல மெள்ள மெள்ள மேலே வரும், முழுசாக மூடாது. உடனே துள்ளி வந்தால் இன்னும் ஊற வேண்டும். குழியின் ஓரத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் குறைவு; கையை நனைத்து நனைத்து இரண்டு நிமிஷம் பிசையுங்கள், போதும்.

இரண்டாவது காரணம் தீ. சிறு தீயில் போட்ட சப்பாத்தி வேகாது, காயும். உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் போன பிறகுதான் அதில் புள்ளி விழும். கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும், அந்தச் சூடு வந்த பிறகுதான் முதல் சப்பாத்தி. ஒரு சப்பாத்தி மொத்தமே ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

பிசைவதற்கு வெந்நீர் ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஊற்றலாம். கோதுமையின் மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் கஞ்சிபோல் வீங்கத் தொடங்கும். கை பொறுக்காத சூட்டில் ஊற்றிக் கரண்டியால் கிளறினால் மாவில் ஒரு பங்கு அங்கேயே பாதி வெந்து, கூடுதல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல் இல்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது மிக நல்ல முறை. வெதுவெதுப்பான நீருக்கு அந்த வேலை தெரியாது, அதற்கும் பச்சைத் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சூடாக இருக்கும்போது மெத்தென்று இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அட்டையாகிறது

இது வேறு நோய். வெந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகும்; அது இயல்பு. நாம் செய்யக்கூடியது ஈரத்தைப் போகவிடாமல் பிடிப்பது. கல்லிலிருந்து எடுத்ததும் அரை நிமிஷம் ஆவி போகட்டும். பிறகு பருத்தித் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். துணி இல்லாமல் வைத்தால் மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி அடிச் சப்பாத்தி பிசுபிசுவென்று ஆகிவிடும்.

மீந்த சப்பாத்தியை ஃபிரிட்ஜில் வைக்கிறோம் இல்லையா, அங்கேதான் அது மிக வேகமாக இறுகுகிறது. வெளியே இருப்பதைவிட அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் விறைக்கும். நாளைக்கு வேண்டுமென்றால் ஃப்ரீஸரில் வையுங்கள், அங்கே அந்த மாற்றம் நின்றுபோகும். விறைத்ததைத் திருப்பிக் கொண்டுவர, இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துச் சூடான கல்லில் மூடி போட்டு 20 விநாடி. உடனே சாப்பிட்டுவிட வேண்டும், இரண்டாம் தரம் ஆறினால் முன்னைவிட மோசம்.

டிபன் பாக்ஸுக்குக் கட்டுவதாக இருந்தால் தண்ணீரில் பாதியைப் பாலாக மாற்றுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கும் மடங்கும்.

உப்பவே இல்லை

சப்பாத்தி உப்புவது ஆவியால். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் மேல்தோலும் அடித்தோலும் மூடியிருந்தால் பந்துபோல எழும்பும். ஆக, உப்பவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். உருண்டையில் மடிப்போ விரிசலோ இருந்ததா? நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் தேய்த்தீர்களா? முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டீர்களா?

மூன்றாவதில்தான் எல்லாரும் தவறுகிறோம். முதல் பக்கம் 15 விநாடி போதும். மேலே நிறம் மாறி, ஊசி முனைபோலக் குட்டிக் கொப்புளங்கள் வரும்போதே திருப்பிவிட வேண்டும். இரண்டாவது பக்கம் பழுப்புப் புள்ளி விழும்வரை. மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரத்தை லேசாக அழுத்திச் சுற்றி வந்தால் நடு எழும்பும். முதல் பக்கமே பழுப்பாகிவிட்டால் அந்தத் தோல் விறைத்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. துணியால் நடுவில் குத்துவதையும் விட்டுவிடுங்கள், ஓட்டைதான் விழும்.

உப்பாத சப்பாத்தி கெட்ட சப்பாத்தி என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் தடவி மடித்து முக்கோணமாகத் தேய்த்தது அடுக்கடுக்காகத்தான் எழும்பும், பந்தாகாது. அதன் ருசியே வேறு.

தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறது, மென்றால் ரப்பராக இருக்கிறது

கோதுமைப் புரதம் தண்ணீர் பட்டதும் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். க்ளூட்டன் என்பது அதுதான். பிசைந்த சூட்டோடு தேய்த்தால் அந்த இழைகள் இழுத்த இடத்துக்கே திரும்பும். உருண்டை பிடித்ததை ஈரத்துணி போட்டு இன்னொரு 10 நிமிஷம் வையுங்கள். மைதா கலந்திருந்தால் இன்னும் நேரம் வேண்டும். சிலர் மெத்தென்று வரும் என்று மைதாவைக் கால் பங்கு சேர்க்கிறார்கள். சூட்டோடு மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் ரப்பர். நான் சேர்ப்பதில்லை.

ஓரம் இந்தியா மேப் மாதிரி வெடித்து வெடித்து வருகிறது

வறண்ட மாவு, அல்லது மூடாமல் வைத்ததால் உருண்டை மேல் படிந்த தோல். உள்ளங்கையில் வைத்து, கீழே மடிப்பு போய்ச் சேரும்படி வழவழப்பாக உருட்டுங்கள். தட்டும்போதே ஓரத்தைக் கட்டை விரலால் ஒதுக்கிவிட்டுப் பிறகு கட்டையை எடுங்கள்.

மாவே வேறு ஜாதியாக இருந்தாலும் கிழியும். சம்பா கோதுமை, மகாராஷ்டிரத்தில் கப்ளி என்று சொல்வது, ரவைக்கும் உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் அருமையானது. அதன் க்ளூட்டனுக்கு இழுபடும் குணம் குறைவு. "உடம்புக்கு நல்லது" என்று அதை மட்டும் அரைத்துச் சப்பாத்தி போட்டால் கிழிந்துதான் வரும். பஞ்சாப் கோதுமையோ, மத்தியப் பிரதேசத்துச் சிஹோர் பக்கத்து ஷர்பத்தியோ இரண்டு பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்து, வெந்நீரில் பிசைந்தால் வரும்.

மாவு கையிலும் பலகையிலும் ஒட்டுகிறது

உடனே மாவை அள்ளிப் போடாதீர்கள். பத்து நிமிஷம் மூடி வைத்தால் பாதி ஒட்டல் தானே போய்விடும், தவிடு குடித்துவிடும். அப்புறமும் ஒட்டினால் ஒரு ஸ்பூன் எண்ணெய்.

சுட்டதில் கறுப்புப் பொடி, கருகல் வாடை

தேய்க்கத் தூவிய மாவு கல்லில் கருகியிருக்கிறது. போடும் முன் இரண்டு கையிலும் மாற்றித் தட்டி உதறுங்கள். ஒவ்வொரு மூன்று சப்பாத்திக்கும் கல்லைத் துணியால் துடையுங்கள்.

சப்பாத்தி கசக்கிறது

மாவைத்தான் சந்தேகப்பட வேண்டும். முழுக் கோதுமையில் முளையின் எண்ணெய் இருக்கிறது, நாள்பட்டால் அது சிக்குப் பிடிக்கும். ஒரு சிட்டிகை பச்சை மாவை நாக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல மாவு லேசாக இனிக்கும், பழசு நாக்கின் பின்பக்கம் கசந்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

மில்லில் அரைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கல்லில் அரைபட்ட மாவு சுடச்சுட வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி கட்டும், புழுங்கல் வாடை அடிக்கும். எங்கள் பெரியம்மா வீட்டில் மாவு வந்ததும் கூடத்தில் வேட்டி விரித்துப் பரப்பிவிடுவார்கள். ஃபேன் போட விடமாட்டார்கள். அதன் குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. கையை உள்ளே விட்டு, அடி மாவும் சில்லென்று ஆன பிறகுதான் எவர்சில்வர் டின்னுக்குள் போகும். இன்னொன்று, நம் கோதுமைக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் தெருப் பக்கத்து மில்லில் ஒரு தடவை மிளகாய்க்குப் பின்னால் என் கோதுமை விழுந்தது. நாலு கிலோ மாவும் தும்மல் வரவைத்தது. கோதுமைக்குப் பின் கோதுமையாகப் போடச் சொல்லிக் கேட்டால் நல்ல மில்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

இனி குருமா. நாலு பேருக்குத் தேங்காய் அரை மூடி, பச்சை மிளகாய் 4, சோம்பு 1 டீஸ்பூன், பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன், முந்திரி 6, கசகசா 1 டீஸ்பூன் என்ற அளவை மனத்தில் வைத்துப் படியுங்கள். சோம்பு என்றால் இலங்கையில் சொல்லும் பெருஞ்சீரகம். துபாய், சவூதிப் பக்கம் இருப்பவர்கள் கசகசாவை விட்டுவிடுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோவதும் ஆபத்து. அதற்குப் பதில் முந்திரியை 10 ஆக்கினால் போதும்.

தண்ணீர் தனி, தேங்காய் தனி

தம்பிக்கு நடந்தது இதுதான். தேங்காய் திப்பியாக அரைபட்டிருந்தது, அதை ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டிருக்கிறான். தேங்காயின் கொழுப்பு தண்ணீரில் கலந்து நிற்பதற்கு அதிலிருக்கும் புரதம்தான் துணை. நீண்ட கொதியில் அந்தப் பிடி விட்டுப்போய் எண்ணெய் மேலே மிதக்கும்.

முதலில் சோம்பு, பொட்டுக்கடலை, முந்திரி, வெந்நீரில் 15 நிமிஷம் ஊறிய கசகசா எல்லாவற்றையும் தண்ணீர் இல்லாமல் ஓட்டுங்கள். அப்புறம் தேங்காயும் மிளகாயும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. விழுதை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் மணல் தட்டக் கூடாது. குருமாவில் சேர்த்த பின் தீ சிறிசு. ஓரத்தில் நுரை கட்டி நடுவில் ஒன்றிரண்டு கொப்புளம் வரும்வரை, 4 அல்லது 5 நிமிஷம், அவ்வளவுதான்.

திரிந்துவிட்டதா? பொட்டுக்கடலை மாவு ஒரு டேபிள்ஸ்பூனைக் கால் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் மூன்று நிமிஷம் கிளறுங்கள், சேர்ந்துகொள்ளும். தயிர் சேர்த்துத் திரிந்தது இதற்கு அடங்காது. காயை அரிகரண்டியால் ஒதுக்கிவிட்டு, குழம்பை ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டித் திரும்ப ஊற்றுங்கள். அடுத்த தடவை அரை கப் தயிருக்கு ஒரு டீஸ்பூன் கடலை மாவு கலந்து அடித்து, அடுப்பைக் குறைத்த பிறகு சேருங்கள்.

பச்சை வாடை அடிக்கிறது

இதற்கு மூக்கைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பச்சை வாடை ஒன்றல்ல. மூக்கில் சுருக்கென்று ஏறினால் இஞ்சி பூண்டு. இனிப்புக் கலந்த காரநெடி வந்தால் வெங்காயம். மண்ணும் மரப்பொடியும் கலந்த மாதிரி இருந்தால் மல்லித்தூள், மஞ்சள்தூள். எண்ணெய்ப் பசையோடு நாக்கில் மாவுபோல் படிந்தால் பொட்டுக்கடலை.

எல்லாமே அவசரத்தால் வருவது. இரண்டு பெரிய வெங்காயம் ஒழுங்காக வதங்க, நடுத்தரத் தீயில் 10 முதல் 12 நிமிஷம் ஆகும். கண்ணாடிபோல் ஆவது முதல் கட்டம், நாம் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஓரம் பொன்னிறமாகி, அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, கரண்டியில் எடுத்தால் துவண்டு தொங்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் குழையும். அப்புறம் இஞ்சி பூண்டு விழுது, ஒரு நிமிஷம். அப்புறம் தூள்கள். அவை கருகாமல் இருக்க இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பிறகு தக்காளி. சட்டியின் ஓரத்தில் எண்ணெய் மினுமினுவென்று பிரிந்து வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது, இனி வறுபடுகிறது என்று பொருள். அதுவரை காயைக் கையில் எடுக்க வேண்டாம்.

எல்லாம் சேர்த்த பிறகு பச்சை வாடை தெரிந்தால், இன்னும் கொதிக்கவிடுவது தேங்காயைத் திரிய வைக்கும். அதற்குப் பதில் சின்ன வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலையை நன்றாகச் சிவக்க வதக்கி மேலே கொட்டிக் கலந்து, 10 நிமிஷம் மூடி வையுங்கள். முழுசாகப் போகாது, ஆனால் சாப்பிடலாம்.

உருளைக்கிழங்கும் பட்டாணியும் வேகவே மாட்டேன் என்கிறது

தக்காளியோ தயிரோ முதலில் போய்விட்டது. புளிப்பு இருந்தால் காயின் திசு இளகாது, கிழங்கு அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். காயைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்துச் சேருங்கள். காய்ந்த பட்டாணி ராத்திரி முழுக்க, குறைந்தது 8 மணி நேரம், ஊற வேண்டும். மறுபக்கம், கேரட், பீன்ஸ் எல்லாம் கூழாகிவிட்டால் குக்கரில் விசில் கூடிவிட்டது. ஒரு விசில் போதும்.

கசக்கிறது

பூண்டு கருகியிருக்கும், இல்லையென்றால் கிராம்பும் பட்டையும் அதிகம். நாலு பேர் குருமாவுக்கு 3 கிராம்பு, ஒரு அங்குலப் பட்டை, 2 ஏலக்காய் தாராளம். கல்பாசி சின்னத் துண்டு ஒன்று. அது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் உயிர், எண்ணெயில் பட்டால்தான் மணம் விடும், கூடினால் கசக்கும். தூசியும் பட்டைத் துணுக்கும் ஒட்டியிருக்கும், உதறிவிட்டுப் போடுங்கள். தேங்காய் காறியிருந்தாலும் கசக்கும். உடைத்ததும் ஒரு கீற்றைக் கடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காறலை எந்த மசாலாவும் மறைக்காது.

உப்பு கூடிவிட்டது

உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கும், மிச்சமிருக்கும் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. இன்னும் கால் மூடி தேங்காயை அரைத்துப் பாலாகப் பிழிந்து விடுங்கள், அல்லது வேகவைத்த காயைக் கூட்டுங்கள். காரம் கூடினாலும் இதே வைத்தியம்.

சப்பென்று இருக்கிறது

உப்பு சரியாக இருந்தும் சப்பென்றால் புளிப்பு இல்லை. அடுப்பை அணைத்த பின் அரை மூடி எலுமிச்சை.

நேரமாக ஆகக் களியாக இறுகுகிறது

பொட்டுக்கடலையும் முந்திரியும் ஆற ஆறத் தண்ணீரை இழுக்கும். அதனால் இறக்கும்போது நீங்கள் விரும்புவதைவிட ஒரு சுற்று நீர்க்கவே இருக்கட்டும். இறுகியதற்கு வெந்நீர் விடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் ருசி பிளந்துவிடும்.

சப்பாத்தி ஆறிவிட்டது, குருமா இப்போதுதான் கொதிக்கிறது

தனியாகச் சமைப்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் மாவைப் பிசைந்து மூடி வை. அது ஊறும் நேரத்தில் வெங்காயம் வதக்கி, காயை வேகவைத்து, தேங்காயை விட்டுக் குருமாவை இறக்கிவிடு. இறக்கிய குருமா ஒரு கால் மணி நேரம் மூடியிருந்தால் காயில் மசாலா ஏறி இன்னும் நன்றாக இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் உருண்டை பிடித்து, கல்லை நன்றாகக் காயவைத்து, சாப்பிட உட்காரும் முன்னால் ஒவ்வொன்றாகப் போடு. முதல் சப்பாத்தி கல்லின் சூட்டைப் பார்ப்பதற்கு. இரண்டாவதிலிருந்து தட்டுக்கு.